பி.பி.என். லிங்க் வாங்குமுன் எப்படிச் சோதிப்பது

கடைக்கென்று ஒரு சைட் போட்டால் போதும், கொஞ்ச நாளில் முதலாளியின் வட்ஸ்அப்புக்கு யாராவது எழுதிவிடுவார்கள்: "உயர்ந்த டி.ஆர். உள்ள ஐம்பது பேக்லிங்க், மாதக் கட்டணம், கூகுளில் முதல் பக்கம் நிச்சயம்." வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் நான் சைட் செய்து கொடுத்த முதலாளிமார் அதை எனக்கு அனுப்பி, "பிள்ளை, இது சரிவருமா?" என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் நான் எப்படிப் பார்க்கிறேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில், விற்கப்படும் சரக்கு என்னவென்று விளங்க வேண்டும். பேக்லிங்க் என்பது வேறொரு தளம் உங்கள் சைட்டுக்குக் கொடுக்கும் லிங்க். டி.ஆர். என்பது ஒரு தளத்தின் லிங்க் பலத்துக்குப் போடும் மதிப்பெண், அதற்குப் பிறகு வருகிறேன். லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் ஸ்டான்போர்டில் உருவாக்கி 1998இல் வெளியிட்ட பேஜ்ராங்க் என்ற தரவரிசைக் கணக்கு, ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் லிங்க்கை ஒரு வாக்காக எடுத்துக்கொண்டது. வாக்கு என்று வந்தால் கள்ள வாக்கும் வரும்தானே. யாரோ வருடக்கணக்காக நடத்தி, பிறகு புதுப்பிக்காமல் விட்ட டொமைன்களுக்கு, அதாவது தள முகவரிகளுக்கு, பழைய லிங்க்குகள் நிறைய இருக்கும். அவற்றை ஏலத்தில் எடுத்து, ஒவ்வொன்றிலும் சைட் போடும் மென்பொருளான வேர்ட்பிரஸை ஏற்றி, நாலு கட்டுரை போட்டு, காசு தருபவரின் சைட்டுக்கு லிங்க் கொடுப்பார்கள். எல்லாம் ஒரே ஆளின் சொத்து என்பது வெளியே தெரியக்கூடாது. அதுதான் பி.பி.என்., அதாவது பிரைவேட் பிளாக் நெட்வர்க்.

கூகுளுக்கு இது எப்போதோ தெரியும். 2012 ஏப்ரலில், லிங்க் மோசடியைக் குறிவைத்த பென்குயின் என்ற மாற்றம் வந்தது. 2014 செப்டெம்பரில் இப்படிப்பட்ட பல வலையமைப்புகளைத் தேடல் முடிவுகளிலிருந்தே தூக்கினார்கள். 2016இல் பென்குயின் மூல அல்காரிதத்துக்குள் போனபின், மோசமான லிங்க்குகளைத் தண்டிப்பதைவிடக் கணக்கில் எடுக்காமல் விடுவதே வழக்கமாயிற்று. 2024 மார்ச்சில், காலாவதியான டொமைனை வாங்கித் தரவரிசைக்குப் பயன்படுத்துவதை ஸ்பாம் கொள்கையில் தனியாகவே சேர்த்தார்கள்.

வாங்கியவர் கவனிக்காமல் போவது இந்தக் கணக்கில் எடுக்காமல் விடுவதைத்தான். விற்றவர் மாத முடிவில், லிங்க்குகளைக் கணக்கிடும் அஹ்ரெஃப்ஸ் என்ற கருவியின் வரைபடத்தை அனுப்புவார், டி.ஆர். ஏறியிருக்கும். டி.ஆர். என்பது அஹ்ரெஃப்ஸ் நிறுவனம் தானே போடும் மதிப்பெண், டி.ஏ. என்பது மாஸ் என்ற இன்னொரு நிறுவனம் போடுவது. கூகுள் இரண்டையும் பார்ப்பதில்லை. தேடலிலிருந்து யார் வந்தார்கள் என்று காட்டும் கூகுளின் கருவியான சர்ச் கன்சோலில் உங்கள் கிளிக் எண்ணிக்கை அசையாமல் இருந்தால், அந்த வரைபடத்தை வைத்து ஒன்றும் செய்யமுடியாது.

சரி, சோதனைக்கு வருவோம். லிங்க் கிடைக்கப்போகும் தளங்களின் முகவரியை முன்கூட்டியே கேளுங்கள். "வெளியில் காட்டினால் கூகுள் பிடித்துவிடும்" என்று பதில் வந்தால் அதோடு கதை முடிந்தது. கட்டாயப்படுத்தினால் ஒன்றிரண்டு தருவார்கள், அது போதும்.

முகவரியை, பழைய பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் போட்டு, வருடம் வருடமாகப் பின்னோக்கிப் போங்கள். எனக்கு வந்த ஒரு முகவரி, பழைய பக்கங்களின்படி, கனடாவில் ஒரு சிற்றூர்த் தேவாலயப் பாடகர் குழுவுடையது. ஒத்திகை நேரம், நத்தார் நிகழ்ச்சி, உறுப்பினர் படங்கள். பிறகு ஓர் இடைவெளி. அதன்பின் அதே பெயர், அதே லோகோ, ஆனால் கீழே மெத்தை, கசினோ, முடி உதிர்தல், கடைசியாகக் கொழும்புச் சேலைக் கடை ஒன்று. அந்தக் கட்டுரை "கொழும்பின் கடுங்குளிர் காலத்துக்கு ஏற்ற சேலைகள்" பற்றிப் பேசியது. எழுதியவருக்கு மார்கழியில்கூட இங்கே மின்விசிறி நிற்பதில்லை என்று தெரியாது போலும்.

பிறகு கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் சைட் என்று தட்டி, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் அந்த முகவரியை எழுதித் தேடுங்கள். ஒரு பக்கமும் வராவிட்டால், அந்தத் தளம் கூகுளின் அட்டவணையிலேயே இல்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். அங்கிருந்து வரும் லிங்க்குக்கு மதிப்பு ஏது? வந்தாலும், எந்தச் சொல்லுக்காவது யாராவது அங்கே வருகிறார்களா என்று அஹ்ரெஃப்ஸின் இலவசக் கருவியில் பாருங்கள். டி.ஆர். உயரத்தில் நிற்க, வருகை பூச்சியமென்றால் சந்தேகம் உறுதி.

இரண்டு முகவரிகள் கிடைத்திருந்தால் இன்னொரு வேலை செய்யலாம். கணினியில் பக்கத்தைத் திறந்து கன்ட்ரோலும் யு-வும் அழுத்தினால் மூலநிரல் வரும். அதில் அனலிட்டிக்ஸ் (வருகையை எண்ணும் கூகுள் கருவி), ஆட்சென்ஸ் (கூகுள் விளம்பரம்) கணக்கு எண்களைத் தேடுங்கள். சம்பந்தமே இல்லாத இரண்டு தளங்களில் ஒரே எண் இருந்தால் முதலாளி பெரும்பாலும் ஒருவரே. எந்தத் தானியங்கி நிரல் (பொட்) தளத்தைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பையும் (robots.txt) திறந்து பாருங்கள். அஹ்ரெஃப்ஸ், அதுபோன்ற மெஜஸ்டிக் ஆகிய கருவிகளின் பொட்களை மட்டும் தடுத்திருந்தால், போட்டிக்காரர் கண்ணில் படாமல் எதையோ ஒளிக்கிறார்கள் என்றுதான் நான் நினைப்பேன்.

ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் பதறவேண்டாம். சர்ச் கன்சோலில் மனுவல் ஆக்ஷன் பக்கத்தைத் திறங்கள், கூகுள் ஊழியர் நேரடியாகப் போட்ட தண்டனை இருந்தால் அங்கே தெரியும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் கட்டணத்தை நிறுத்துங்கள், அவ்வளவுதான். இயல்பற்ற லிங்க் என்று அறிவிப்பு இருந்தால் மட்டும் வேலை இருக்கிறது. முதலில் விற்றவரிடம் நீக்கச் சொல்லுங்கள் (நீக்குவதற்கும் காசு கேட்பவர்கள் உண்டு, கொடுக்காதீர்கள்). மிச்சத்தை ஒரு டெக்ஸ்ட் கோப்பில், வரிக்கு ஒரு டொமைனாக எழுதி, இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்கவேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் டிஸ்அவோ கருவியில் ஏற்றுங்கள். இங்கே ஒரு சிக்கல்: சர்ச் கன்சோலில் சைட்டை டொமைன் வகையாகச் சேர்த்திருந்தால் அந்தக் கருவி ஏற்காது. முழு முகவரியோடு இன்னொரு முறை சேர்க்கவேண்டும். புதிய கோப்பு பழையதை அழித்துவிட்டுத்தான் உட்காரும், ஆகவே பழைய வரிகளையும் சேர்த்தே ஏற்றுங்கள். அப்புறம் மறுபரிசீலனைக்கு எழுதலாம். எந்தெந்தத் தளத்தில் வாங்கினீர்கள், எதை நீக்கினீர்கள் என்று மறைக்காமல் எழுதுங்கள். பதிலுக்கு வாரக்கணக்கில்கூட ஆகலாம்.

லிங்க்கே வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் வெள்ளவத்தையில் பிளவுஸ் தைப்பவரைத் தேடினால் முதலில் வருவது வரைபடம். அங்கே கூகுளில் உங்கள் கடையின் விவரப் பக்கமான பிசினஸ் புரொபைலும் வாடிக்கையாளர் எழுதும் கருத்தும்தான் முதலில் பார்க்கவேண்டியவை. அதற்கு அப்பால், உங்கள் போட்டிக் கடைகளுக்கு எத்தனை பேக்லிங்க் என்று பாருங்கள். நான் பார்த்த பெரும்பாலான கடைகளுக்கு உருப்படியாக ஒரு பத்துக்கூட இல்லை. இந்தச் சந்தைக்குக் கள்ள வலையமைப்பு எதற்கு?

பழைய சோனகத் தெருவில் இயந்திர உதிரிப்பாகம் விற்பவர் என்றால், உங்களுக்குச் சரக்கு அனுப்பும் வெளிநாட்டுக் கம்பனியின் சைட்டில் முகவர் பட்டியல் இருக்கும். அதில் உங்கள் பெயரும் முகவரியும் இருக்கிறதா? பலருக்கு இராது, ஏனென்றால் கேட்டதில்லை. விற்பனைப் பிரதிநிதிக்கு ஒரு மின்னஞ்சல் போதும். உறுப்பினராக இருக்கும் வர்த்தகச் சங்கத்தின் உறுப்பினர் பக்கம், நீங்கள் பேட்டி கொடுத்த பத்திரிகையின் இணையப் பதிப்பு, இவற்றையும் போய்ப் பாருங்கள். பெயர் மட்டும் இருந்து லிங்க் இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

பழைய மாணவர் சங்க மலருக்கோ கல்யாண மண்டபத்தின் சைட்டுக்கோ காசு கட்டி விளம்பரம் போட்டால், அந்த லிங்க்குக்கு, காசு கொடுத்துப் போட்டது என்று காட்ட 2019இல் கூகுள் கொண்டுவந்த ஸ்பொன்சர்ட் குறியைப் போடச் சொல்லுங்கள். தரவரிசைக்கு அது உதவாது. ஆனாலும் மண்டபத்தின் பக்கத்தைத் திறந்து பார்க்கும் பெண் வீட்டார் அல்பத்துக்கும் அலங்காரத்துக்கும் உங்களுக்குக் கோல் எடுப்பார்கள்.