குளூட்டனால் வரும் தோல் கொப்புள நோய்: கண்டறிவதும் கட்டுக்குள் வைப்பதும்

இரு முழங்கைகளின் வெளிப்புறத்திலும் முழங்கால்களிலும் பிட்டத்திலும் கீழ்முதுகிலும், சிலருக்குப் பிடரியிலும் தலையிலும், சிறு சிறு கொப்புளங்கள் கொத்துக் கொத்தாகத் தோன்றித் தாங்க முடியாத நமைச்சலைத் தந்தால், அதுவும் உடலின் இரு பக்கங்களிலும் ஏறத்தாழ ஒரே இடங்களில் வந்தால், டெர்மடைட்டிஸ் ஹெர்பெடிஃபார்மிஸ் என்ற நோயாக இருக்குமோ என்று ஐயப்பட வேண்டும். கொப்புளம் எழுவதற்கு முன்பே அந்த இடத்தில் எரிச்சலும் குத்தலும் தொடங்கிவிடும். கொப்புளம் மிகச் சிறியது, நமைச்சலோ கடுமையானது. அதனால் மருத்துவரிடம் போய் உட்காரும் வேளையில் உடையாத கொப்புளம் ஒன்றுகூட எஞ்சியிருக்காது. சொறிந்த கீறலும் காய்ந்த பொருக்கும்தான் இருக்கும். இதைச் சிரங்கு என்றோ எக்ஸிமா என்றோ எண்ணி ஆண்டுக்கணக்கில் களிம்பு பூசியவர்கள் பலர். புதிதாக எழுந்த கொப்புளத்தை அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்து காட்டுவது பெரிதும் உதவும்.

நோயின் பெயரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. 1884-இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் லூயி டூரிங் இதை விவரித்தபோது, கொப்புளங்கள் ஹெர்பீஸில் போலக் கொத்தாக இருப்பதை வைத்தே இப்பெயரை இட்டார். ஹெர்பீஸ் வைரஸுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தொட்டாலோ உடன் வாழ்ந்தாலோ இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. இதை வீட்டில் உள்ளவர்களுக்கும் முதலிலேயே விளக்கிச் சொல்லிவிடுவது நல்லது.

இது தோலில் வெளிப்படும் நோய் என்றாலும் தொடங்கும் இடம் சிறுகுடல். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தைக் கண்டு, மரபுவழியாக அதற்கான இயல்பு கொண்டவர்களின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் உடலின் டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நொதியையே பகையாகக் கருதி எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. குடலில் நிகழும் இதே பிழைதான் சீலியாக் நோய். சிலரிடம் அந்த எதிர்ப்பு, தோலில் உள்ள அதே வகை நொதியையும் குறிவைக்கிறது. ஐஜிஏ எனப்படும் எதிர்ப்பொருள் தோலின் மேலடுக்குக்குச் சற்றுக் கீழே துகள்துகளாகப் படிகிறது. அங்கே வெள்ளணுக்கள் திரண்டு அடுக்குகளைப் பிரிக்க, அந்த இடைவெளி கொப்புளமாகிறது. இந்நோயாளிகளின் குடலிலும் மாற்றம் இருப்பது 1966-இலும், தோலில் ஐஜிஏ படிவது 1969-இலும் தெரியவந்தன. வயிற்று வலியோ வயிற்றுப்போக்கோ இல்லாததால் தமக்குக் குடலில் கோளாறு இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். இந்நோய் உள்ள பெரும்பாலோருக்கு வயிற்றில் தொல்லை ஏதும் தெரிவதில்லை. ஆனால் குடலைச் சோதித்தால் பாதிப்பு தென்படுவதுண்டு.

இனி செய்ய வேண்டியதில், வரிசையே எல்லாவற்றிலும் முக்கியம். சந்தேகம் வந்ததும் கோதுமையை நிறுத்திவிடத் தோன்றும். சோதனைகள் முடியும்வரை நிறுத்தாதீர்கள். குளூட்டனை விட்டால் இரத்தத்தில் எதிர்ப்பொருள்களின் அளவு குறைந்து, சோதனை தவறாக 'இல்லை' என்று காட்டக்கூடும். நோயை உறுதிசெய்வது தோல் பயாப்ஸிதான், அதாவது தோலில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதிப்பது. அதில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு: கொப்புளத்தை வெட்டி எடுத்தால் அழற்சியால் ஐஜிஏ சிதைந்திருக்கலாம் என்பதால், கொப்புளத்துக்கு அருகே பார்வைக்கு நன்றாக இருக்கும் தோலிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, ஃபார்மலினில் போடாமல் அதற்கென உள்ள கரைசலில் வைத்து, படிந்த எதிர்ப்பொருளை ஒளிரச் செய்து காட்டும் நேரடி இம்யூனோஃபுளோரசன்ஸ் சோதனைக்கு அனுப்ப வேண்டும். இந்தச் சோதனைக்குத்தான் அனுப்புகிறார்களா என்று நோயாளி கேட்பதில் தவறே இல்லை. இரத்தத்தில் திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் எதிர்ப்பொருளையும், பிறவியிலேயே ஐஜிஏ குறைந்தவர்கள் இருப்பதால் மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இரத்தச் சோதனை இயல்பாக வந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. ஏற்கெனவே உணவை மாற்றிவிட்டவர்கள் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தோலில் படிந்த ஐஜிஏ நெடுநாள் நீடிப்பதால் பயாப்ஸி அப்போதும் பயன்படலாம்.

நோய் உறுதியானதும் டாப்சோன் என்ற மாத்திரையைப் பெரும்பாலும் பரிந்துரைப்பார்கள். தொழுநோய்க்கும் கொடுக்கப்படும் இதே மருந்து இங்கே சில நாள்களுக்குள் நமைச்சலை அடக்கிவிடும். பல மாதங்களாக இரவில் தூங்காதவருக்கு இது எத்தகைய ஆறுதல் என்பதைச் சொல்லி விளக்க முடியாது. ஆனால் தொடங்கும் முன் ஜி6பிடி நொதிச் சோதனை கட்டாயம் தேவை. அந்த நொதி குறைந்தவர்களுக்கு டாப்சோன் சிவப்பணுக்களை வேகமாக உடைத்துவிடும். நொதி சரியாக இருப்பவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஓரளவு குறையலாம் என்பதால், முதல் வாரங்களில் அடிக்கடியும் பிறகு இடைவெளி விட்டும் இரத்தத்தையும் கல்லீரலையும் சோதிப்பார்கள். காய்ச்சல், தொண்டைவலி, உடலெங்கும் தடிப்பு, மஞ்சள் காமாலை, உதடும் நகமும் நீலம் பாய்தல், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள், டாப்சோன் எடுக்கும் காலத்தில், சில மாதங்களின் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

டாப்சோன் தோலை அமைதிப்படுத்தும், குடலை ஆற்றாது. குடலை ஆற்றுவதும், நெடுங்கால நோக்கில் சிறுகுடல் லிம்போமா என்னும் அரிய புற்றுநோயின் வாய்ப்பைக் குறைப்பதும் குளூட்டன் இல்லாத உணவுதான். சில வாரங்கள் உணவைக் கட்டுப்படுத்திவிட்டுப் பயனில்லை என்று கைவிடுபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. தோலில் படிந்தது மெல்லத்தான் கரையும். உணவு மாற்றத்தின் பலன் தெரிய பல மாதங்கள் ஆகும், சிலருக்கு 2 ஆண்டுகள்கூட ஆகும். அதுவரை மருந்து துணை நிற்கும். பிறகு மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்.

அரிசி, மக்காச்சோளம், சிறுதானியங்கள், பருப்புகள், காய், கனி, பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் இயல்பாகவே குளூட்டன் இல்லை. சிக்கல் மறைந்திருக்கும் இடங்களில்தான். மைதாவும் ரவையும் கோதுமையே. மால்ட் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் பார்லி. சோயா சாஸ் பலவற்றில் கோதுமை சேர்கிறது. 'கோதுமை இல்லை' என்ற வாசகம் போதாது. பார்லியோ ரையோ இருக்கலாம். 'குளூட்டன் இல்லாதது' என்று குறிக்கப்படும் உணவில் கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தரத்தின்படி ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. ஓட்ஸ் தனியாகப் பதப்படுத்தப்பட்டதென்றால் பெரும்பாலோர்க்கு ஒத்துக்கொள்ளும். இருந்தாலும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

சமையலறையை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். ரொட்டியில் வெண்ணெய் தடவிய கத்தி மறுபடியும் அதே வெண்ணெய்க் கிண்ணத்துக்குள் போகிறது. கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டிய அந்தப் பழுப்புத் துணுக்கே போதும், தோல் மீண்டும் சீற. கோதுமை மாவு சலித்த சல்லடை, மரக்கரண்டி, ரொட்டி வாட்டும் கருவி ஆகியவற்றுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். கோதுமைக்குப் பிறகு அதே இயந்திரத்தில் அரைத்த அரிசி மாவையும் நம்ப முடியாது. தோலில் பூசும் பொருள்களால் கவலை இல்லை. உதட்டில் பூசுவது வாய்க்குள் போவதால் அதை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

அயோடின் சிலருக்குக் கொப்புளங்களைத் தூண்டும். அதற்காக அயோடின் கலந்த உப்பைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. கடற்பாசி மாத்திரை போன்றவற்றைத் தவிர்த்துவிட்டு, மற்றதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

இந்நோயுடன் தைராய்டு கோளாறும் முதல் வகை நீரிழிவும் சேர்ந்து வரக்கூடும் என்பதால் அவற்றுக்கான சோதனைகளையும், இரும்புச்சத்து, வைட்டமின் அளவுகளையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கும் சீலியாக் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். எந்தத் தொல்லையும் இல்லாவிட்டாலும் அவர்கள் இரத்தச் சோதனை செய்துகொள்வது நல்லது. வீட்டில் எல்லோரும் சேர்ந்தே உணவை மாற்ற நினைத்தால், அவர்களின் சோதனை முடிந்த பிறகு மாற்றுங்கள்.