பழைய ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் கார்களுக்கு மரத்தில் கியர் குமிழ் கடைவது எப்படி

மரத்தில் கடைந்த கியர் குமிழ் ஒரு கோடை தாண்டியதும் லொடலொடவென்று ஆட ஆரம்பித்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். மரையை, அதாவது திருகும் வரியை, நேரே மரத்திலேயே போட்டிருப்பார்கள். இல்லையென்றால் காயாத மரத்தைக் கடைந்திருப்பார்கள். வடிவம், பளபளப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். உள்ளே மரை போட்ட பித்தளைக் குடுவை ஒன்று அசையாமல் உட்கார வேண்டும், அதைச் சுற்றி நன்றாகக் காய்ந்த மரம் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக அமைந்த குமிழ் வண்டி உள்ளவரை நிற்கும்.

நம் பக்கம் இந்த வேலைக்குத் தோதான வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னைக்குத் தெற்கே வண்டலூர், பெருங்களத்தூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் 1971 வரை தயாரித்தது. இதன் இங்கிலாந்து மூலமான டிரையம்ப் ஹெரால்டின் சேஸியை (அடிச்சட்டத்தை) குறுக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. அதனால் இங்கே சொல்வது இரண்டுக்கும் பொருந்தும். பழைய இங்கிலாந்து எம்ஜி ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் முறை இதேதான், மரை அளவை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் மரை

பழைய குமிழுக்குக் கீழே மெல்லிய நட் ஒன்று இருக்கும். அதை ஸ்பேனரால் இளக்கிவிட்டுக் குமிழைக் கையால் கழற்றுங்கள். கழலவில்லை என்றால் வெந்நீரில் முக்கிய துணியை ஐந்து நிமிடம் சுற்றி வைத்துவிட்டுத் திருப்பிப் பாருங்கள். கட்டிங் பிளேயரால் லீவரைப் பிடித்து முறுக்காதீர்கள். குரோம் போய்விடும், அந்த இடத்தில் துரு ஏறும்.

இனி வெர்னியரால் லீவர் மரையின் வெளிவிட்டத்தை அளக்க வேண்டும். அந்தக் கால இங்கிலாந்து வண்டிகளில் இது இஞ்ச் கணக்கில் யுஎன்எஃப் என்ற நெருக்க மரையாக இருக்கும். 7.9 மி.மீ. காட்டினால் 5/16 இஞ்ச், பட்டறை மொழியில் ரெண்டரை நூல் (ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒன்று). 9.5 காட்டினால் 3/8, அதாவது மூணு நூல். இரண்டிலும் இஞ்சுக்கு 24 மரை.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். மரை வெட்டும் கருவியான டேப்பை வாங்க ஹார்டுவேர் கடையில் போய் "மூணு நூல் டேப்" என்று மட்டும் கேட்டால் இஞ்சுக்கு 16 மரை உள்ள, பிஎஸ்டபிள்யூ என்ற அகல மரை டேப்பைத்தான் எடுத்துத் தருவார்கள். அதேபோல் ரெண்டரை நூலை 8 மி.மீ. என்று நினைத்து எம்8 என்ற மெட்ரிக் நட்டைப் போட்டால் முதல் இரண்டு சுற்று சுகமாக ஏறும், மூன்றாவதில் இறுகும். எம்8-இன் மரை இடைவெளி 1.25 மி.மீ., யுஎன்எஃப்-இல் 1.06 தான். அந்த இறுக்கத்தை "புது மரை, அப்படித்தான் இருக்கும்" என்று எண்ணி ஸ்பேனர் போட்டால் லீவர் மரையே சிதைந்துவிடும். சரியான நட் என்றால் மரை முழுவதும் இரண்டு விரலால் சுழன்றே இறங்கும். கடைக்குப் போகும்போது லீவரில் இருந்த அந்த மெல்லிய நட்டையே மாதிரிக்குக் கொண்டுபோங்கள்.

பித்தளைக் குடுவை

16 மி.மீ. பித்தளை ராடில் 25 மி.மீ. நீளம் வெட்டி, லேத்தில் வெளிவிட்டத்தை 15.6-க்குக் குறையுங்கள். நடுவில் 22 மி.மீ. ஆழத்துக்குத் துளை. 5/16 யுஎன்எஃப் என்றால் 6.9 மி.மீ. டிரில், 3/8 என்றால் 8.5. மறுபக்கம் மூடியே இருக்கட்டும். டேப் செட்டில் உள்ள மூன்றையும் வரிசையாக ஓட்டி 18 மி.மீ. வரை மரை எடுங்கள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று போனால் பித்தளைத் தூள் அடைக்காது.

வெளிப்புறத்தில் ஒரு மி.மீ. ஆழத்தில் மூன்று வளையக் காடி போடுவது எல்லாருக்கும் தெரியும். ஆனால் வளையக் காடி குடுவை மேலே பிடுங்கிக்கொண்டு வருவதைத்தான் தடுக்கும், சுழல்வதைத் தடுக்காது. கியர் குமிழைக் கெடுப்பதோ சுழற்சி. குமிழுக்குக் கீழுள்ள அந்த மெல்லிய நட்டை இறுக்கும்போதும், ஓட்டும்போது உள்ளங்கை திருகும்போதும் விசை அந்தத் திசையில்தான் விழுகிறது. ஆகவே அரத்தால் எதிரெதிர் இரண்டு பக்கமும் ஒரு மி.மீ. தட்டையாக ராவிவிடுங்கள். அந்தத் தட்டையில் பசை நிரம்பி உறைந்தால் குடுவைக்கு அது சாவி போட்டது போல.

மரம்

புதுப் பலகை வாங்கும் முன் வீட்டுப் பின்கட்டைப் பாருங்கள். உடைந்த உலக்கை, பழைய மாட்டுவண்டிச் சக்கரத்தின் வட்டைத் துண்டு, இவற்றுக்கு இணையான மரம் கடையில் கிடைக்காது. பல வருடம் காய்ந்து, அசைய வேண்டிய அசைவெல்லாம் அசைந்து முடிந்த மரம் அது. வட்டையில் ஆணி, பூண் துரு இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். உலக்கையில் குறுக்குவெட்டைப் பாருங்கள். வருட வளையங்களின் மையம் துண்டுக்குள்ளேயே இருந்தால், அதாவது முழுக் கம்பாகவே இழைத்த உலக்கை என்றால், அந்த நடுச் சோற்றிலிருந்து கதிர்போல வெடிப்பு கிளம்பும். அதை ஒதுக்கிவிடுங்கள்.

புது மரம் என்றால் எங்கள் முதல் தேர்வு பூவரசு. வைரப் பகுதி (நடுவில் முற்றிய மரம்) காப்பித்தூள் நிறத்தில் சிவப்போடி இருக்கும், இழை நெருக்கம், உளிக்குச் சொன்னபடி கேட்கும். அடுத்து, ஊரெல்லாம் விறகாகப் போகும் சீமைக்கருவேலம், நம் பக்கத்துச் சீமை உடை. இதை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும், எல்லாப் பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவாகவும் சுருங்கும். குமிழுக்கு இதைவிட நல்ல குணம் வேறு என்ன வேண்டும்? கோணல், பூச்சித்துளை இல்லாத அடிமரத் துண்டாகத் தேடிப் பிடிக்க வேண்டும், அதுதான் சிரமம். முற்றிய புளியின் கருவைரமும் அருமை. சுற்றியுள்ள வெள்ளை மரத்தை ஒட்டு மொத்தமாக நீக்கிவிடுங்கள், அதில் உளு விழும்.

பனை வைரம் பார்க்க எல்லாவற்றையும் தோற்கடிக்கும். கறுப்பு நார்களும் செம்பழுப்பும் கலந்து, நுனித் தளத்தில் புள்ளி புள்ளியாக நிற்கும். ஆனால் நார்களுக்கு இடையே இருப்பது மென்மையான சதை. உளி பட்டதும் சதை பறந்து நார் ஊசிபோல் எழும்பும். கடைசி இரண்டு மி.மீ. இருக்கும்போது ஃபெவிக்விக்கை மேற்பரப்பு முழுவதும் ஊறவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கூர்மையான உளியால் மெல்லச் சீவுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்தப் புகை கண்ணை எரிக்கும். முதல் குமிழுக்குப் பனை வேண்டாம்.

ஈட்டி மரத்தில்தான் வேண்டும் என்பவர்கள் பழைய கட்டில், நாற்காலித் துண்டைத் தேடுங்கள். நின்ற மரத்தை வெட்டுவதைக் கட்டுப்படுத்த 1994-இல் தமிழ்நாடு ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; இப்போதைய விதியை விசாரித்துக்கொள்ளுங்கள்.

துண்டின் அளவு 60க்கு 60, உயரம் 75 மி.மீ. இழை நட்டுக்குத்தாக, லீவரோடு ஒரே திசையில் இருக்கட்டும். குறுக்கே வைத்தால் கோலம் அழகாக வரும், ஆனால் கழுத்தில் மரம் மெலியும் இடத்தில் இழையோடு பிளக்கும்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்

கையில் எடுத்துப் பார்த்துச் சொல்ல முடியாது, தராசுதான் சொல்லும். துண்டின் இரு நுனிகளிலும் மெழுகு பூசி, நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். வாரம் ஒருமுறை சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுத்து, எடையைப் பென்சிலால் மரத்திலேயே எழுதி வாருங்கள். தொடர்ந்து மூன்று வாரம் ஒரு கிராம் கூட இறங்கவில்லை என்றால் சுற்றியுள்ள காற்றுக்கு மரம் சமமாகிவிட்டது.

"சுற்றியுள்ள காற்று" என்பதில்தான் சூட்சுமம். ஐப்பசி, கார்த்திகை மழையில் எடை நின்ற மரம் சித்திரையில் மறுபடி இறங்கும். அம்பாசமுத்திரம் தாண்டித் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஆனி, ஆடிச் சாரலிலும் இதே கதை. அந்த மாதங்களில் கடைந்தால் வெயில் காலத்தில் மரம் குடுவையை இறுக்கிப் பிடித்துக் கழுத்தில் வெடிக்கும். மாசி முதல் வைகாசி வரை கடைவதே நல்லது. பின்னால் மழையில் மரம் கொஞ்சம் உப்பினாலும் வெடிக்காது.

துளை, பசை

வட்டமாகக் கடைந்த பிறகு துளை போட்டால் நடு கிடைக்காது. சதுரத் துண்டாக இருக்கும்போதே, அடித்தளத்தை இழைத்துச் சமமாக்கி, பெஞ்ச் டிரில்லில் 16 மி.மீ. துளையை 26 மி.மீ. ஆழத்துக்குப் போடுங்கள். குடுவைக்குச் சுற்றிலும் 0.2 மி.மீ. பசைக்கு இடம் இருக்கும். தட்டி இறக்கும் அளவுக்கு இறுக்கமாக வைத்தால் பசையெல்லாம் வழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

பித்தளையை 80 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, தின்னரில் துடைத்து, அதன்பின் விரல் படாமல் அப்போதே ஒட்டுங்கள். அரால்டைட்டில் மெதுவாக இறுகும் வகையை வாங்குங்கள். ஐந்து நிமிட வகை சூட்டில் சீக்கிரம் இளகும், கத்தரி வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் 60 டிகிரியைத் தொடும். குடுவை வாயில் மெழுகு தடவிய போல்ட்டைத் திருகி வைத்தால் மரைக்குள் பசை போகாது. அந்தப் போல்ட்டைப் பார்த்தே குடுவை நேராக நிற்கிறதா என்றும் தெரிந்துகொள்ளலாம். ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள்.

வடிவமும் கடைசலும்

அளவைப் புத்தகத்தில் தேட வேண்டாம். கெட்டியாகப் பிசைந்த சப்பாத்தி மாவில் ஒரு எலுமிச்சை அளவு உருட்டி, பாலிதீன் சுற்றி, லீவர் நுனியில் பொருத்துங்கள். உட்காரும் இடத்தில் உட்கார்ந்து எல்லா கியரும், ரிவர்ஸும் போடுங்கள். உள்ளங்கை அழுத்திய பள்ளமும் விரல் வளைந்த தடமும் மாவில் அப்படியே விழும். எந்த கியரில் விரல் முட்டி டேஷ்போர்டில் இடிக்கிறது என்பதும் தெரிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு மேல்பகுதி 48 மி.மீ., உயரம் 55, கழுத்து 24 கொண்ட பேரிக்காய் வடிவம் ஒத்துவரும். கழுத்து 24-க்குக் கீழே போக வேண்டாம், குடுவையைச் சுற்றி நான்கு மி.மீ. மரமாவது வேண்டும். இந்த வடிவத்தை அட்டையில் பாதியாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

லேத்தில் பிடிக்க, அதே மரை உள்ள நீளமான போல்ட்டின் தலையை அறுத்து, மரை இல்லாத பகுதியை லேத்தின் பிடியான சக்கில் மாட்டுங்கள். அதில் முதலில் ஒரு நட், பிறகு குமிழ். கடையும்போது விசை குமிழை மேலும் இறுக்கும். வேலை முடிந்து கழற்ற அந்த நட்டை முதலில் இளக்கினால் போதும், குமிழைப் பிளேயரால் பிடிக்கும் நிலை வராது. அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடையும் பட்டறையில் கொடுப்பதானாலும் போல்ட்டையும் அட்டையையும் சேர்த்தே கொடுங்கள். அவர்கள் கைவேகத்துக்கு அரை மணி நேர வேலை.

முரட்டுக் கடைசலுக்கு நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று, முடிக்கும்போது 1,500. உப்புத்தாள் 120, 180, 240, 320, 400. ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் லேத்தை நிறுத்தி இழையோடு நீளவாக்கில் கையால் தேயுங்கள், இல்லாவிட்டால் வளையக் கீறல் எண்ணெய் பட்டதும் பளிச்சென்று தெரியும். 240-க்குப் பிறகு ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டால் படுத்திருந்த இழை எழும்பும், அதை 320 சீவிவிடும். முகமூடி கட்டாயம், சீமை உடைத் தூள் மூக்கை அரிக்கும்.

கியர் வரைபடம் வேண்டுமென்றால் உச்சியில் 20 மி.மீ. அகலம், இரண்டு மி.மீ. ஆழத்தில் பள்ளம் எடுத்துப் பித்தளை வில்லை பதிக்கலாம். பிற்கால ஸ்பிட்ஃபயர் 1500, எம்ஜிபி சிலவற்றில் ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) ஸ்விட்ச் குமிழுக்குள்ளேயே இருக்கும். அவற்றுக்கு வயர் வழியும் ஸ்விட்ச் குழியும் வேண்டும், மூடிய குடுவை ஆகாது.

மேல்பூச்சு

சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தி, தாழை மடலால் தேய்த்து வரும் சொப்புப் பளபளப்புக்கு ஈடு கிடையாது. இருந்தாலும் கியர் குமிழுக்கு அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. அரக்கு 75 டிகிரிவாக்கில் உருகும், அதற்கு வெகு முன்பே இளகும். வெயிலில் நின்ற காரில் கைரேகை பதியும். சானிடைசர் பட்ட கையால் தொட்டால் வெளுக்கும். எப்போதும் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு மட்டும் அரக்கு.

மற்றதற்கெல்லாம் பாயில்டு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்). துணியால் மெல்லப் பூசி, பதினைந்து நிமிடம் கழித்து மிச்சத்தை முழுக்கத் துடைத்து, ஒரு நாள் உலரவிடுங்கள். இப்படி ஐந்து தடவை. துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பு மாதக்கணக்கில் போகாது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் ஆகாது. இவை உலர்ந்து படலமாகாமல் மரத்துக்குள்ளேயே கிடந்து தூசியும் சிக்கு நாற்றமும் சேர்க்கும். மேலே தேன்மெழுகும் வேண்டாம், அது 62 டிகிரியிலேயே உருகும்.

லின்சீட் துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். உலரும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி எடுத்து, வெளியே கொடியில் விரித்துக் காயவிட்ட பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

பொருத்துதல்

லீவரில் மெல்லிய நட்டை முதலில் இறக்கி, குமிழை அடிவரை திருகி, வரைபடம் நேராக நிற்கும் இடத்துக்குப் பின்னோக்கித் திருப்பி, கீழிருந்து நட்டை ஏற்றி இறுக்குங்கள். குமிழை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இறுக்க வேண்டும். மரைப்பசை தேவைப்பட்டால் நீல லாக்டைட் ஒரு சொட்டு. சிவப்பு போட்டால் கழற்றச் சூடுகாட்ட வேண்டிவரும், மரம் கருகும்.

இரண்டு நாள் வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு நட்டை மறுபடி சோதியுங்கள். குமிழ் கல் போல இருந்தும் ஓடும்போது கடகடவென்று சத்தம் வந்தால் அது குமிழின் சத்தமல்ல. ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் லீவர் அடியில் உள்ள புஷ் என்ற சிறு உறை தேய்ந்தால் இப்படித்தான் இருக்கும். லீவரைக் கழற்றி அதை மாற்றுங்கள்.