குழாயில் தண்ணீர் வந்தால் போதாது: செட்டிநாட்டில் குடியேற இடம் பார்க்க வருகிறவர்களுக்கு

காரைக்குடியைச் சுற்றி வில்லாக் குடியிருப்புகளும் ஓய்வுபெற்றோர் குடியிருப்புகளும் பெருகிவிட்டன. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பார்க்க வருகிறவர்களோடு கட்டடப் பொறியாளன் என்ற முறையில் நானும் கூடப் போவதுண்டு. பட்டா, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை. அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தலைமுறை மனை வாங்கியபோது சறுக்கிய அதே இடங்களில் இப்போது வருகிறவர்களும் சறுக்குவதைப் பார்க்கத்தான் மனசு கேட்கவில்லை.

தை மாதத்தில் பார்த்துவிட்டு முடிவெடுப்பது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இந்தத் தவறின் மேல்தான். வெளியூர்க்காரர்கள் பொங்கலுக்கோ தை மாதக் கல்யாணத்துக்கோ வருவார்கள். அக்டோபரில் தொடங்கிய வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். ஊரணி நிறைந்து கிடக்கும். கிணற்றில் தண்ணீர் மேலே நிற்கும். மாதிரி வீட்டில் குழாயைத் திருகினால் கொட்டும். அன்றைக்கே முன்பணம் கைமாறிவிடும்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர், பூர்வீகம் தேவகோட்டைப் பக்கம், மனைவியோடு அப்படித்தான் வந்தார். “அண்ணே, சித்திரையில ஒரு தடவ வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க” என்றேன். “அதுக்குள்ள வெல ஏறிடும்ங்கிறாங்களே தம்பி” என்றார். குடிவந்த முதல் கோடையிலேயே ஆழ்துளைக் கிணறு காலையில் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றது. பிறகு லாரித் தண்ணீர்தான். அந்தச் செலவு மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் ஏறியது. “ஊரணித் தண்ணி குடிச்சு வளந்த ஊர்ல வந்து தண்ணிய வெலைக்கு வாங்குறோமே தம்பி” என்று அவர் மனைவி, ஆச்சி, சொன்னபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மாதிரி வீட்டுக் குழாயை நம்பாதீர்கள். மேல்நிலைத் தொட்டியை லாரித் தண்ணீராலும் நிரப்ப முடியும். சித்திரையிலோ வைகாசியிலோ வாருங்கள். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைத் தொடர்ந்து இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, தண்ணீர் மெலிகிறதா, குழாய் காற்று வாங்குகிறதா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். எத்தனை அடியில் தண்ணீர், எந்த மாதம் வற்றும் என்பதைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒளிக்காமல் சொல்வார். விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்டுப் பயனில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் கையடக்க டிடிஎஸ் மீட்டர் ஒன்றும் கொண்டுவாருங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்பதே இந்தியத் தர அளவு. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் மட்டும் 2000 வரை ஏற்கலாம். காரைக்குடி நகரத்துக்குக் குடிநீர் தரும் சம்பை ஊற்றின் பெயரைச் சொல்லி விற்கிறார்கள். ஆனால் ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் மனைக்கு நகரத்துக் குழாய் வந்துவிடாது. “கூட்டுக் குடிநீர் வரப்போகுது” என்றால், ஊராட்சி அலுவலகத்தில் நீங்களே போய்க் கேளுங்கள்.

முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் ஒருமுறை வந்து பாருங்கள். கானாடுகாத்தானில் நடந்து பார்த்தால் பழைய ஊர்களை வகுத்தவர்களின் அறிவு புரியும்: நேர்த் தெருக்கள், உயர்த்திக் கட்டிய அடித்தளம், மழைநீர் ஊரணிக்குப் போய்ச்சேர வழி. அப்படியொரு வரத்துக்காலின் குறுக்கே புதிய மனைப்பிரிவு உட்கார்ந்திருந்தால், கோடையில் தண்ணீர் இல்லாத அதே வீட்டு வாசலில் கார்த்திகையில் முழங்கால் தண்ணீர் நிற்கும். கிராம வரைபடத்தில் வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

முகப்பைப் பார்த்து மயங்குவது

ஆத்தங்குடித் தரைக்கல்லும் தேக்குத் தூணும் மட்டுமே வெயிலைத் தணித்துவிடாது. முற்றம் வழியாகக் காற்று வந்துபோகிறதா என்று பாருங்கள்.

பொது இடம் யாருடையது என்று கேட்காமல் விடுவது

பெரிய மனைப்பிரிவுகளில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். சாலையும் அந்த இடமும் தானப் பத்திரம் (தான செட்டில்மெண்ட்) மூலம் உள்ளாட்சிக்குப் போய்விடும். அதன்மேல் “நம்ம கிளப் ஹவுஸ்” என்று வரைந்து காட்டினால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டம், மனை, வீட்டு விற்பனையை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையமான ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். அங்கே உள்ள வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் நடந்து ஒப்பிடுங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை.

விற்பவர்களின் காரிலேயே போய் வருவது

பேருந்தில் போங்கள். இருட்டிய பிறகும் ஒருமுறை.

மருத்துவமனை தூரம்

“பக்கத்துலதான்” என்பார்கள். நெஞ்சுவலிக்குப் பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் காரைக்குடியிலிருந்து மதுரை சுமார் 90 கிலோமீட்டர். நடுராத்திரி வண்டி எடுக்க ஆள் இருக்கிறதா என்று அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் வயதானவர்களிடம் கேளுங்கள்.

முன்பணம்

பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க ரெரா சட்டம் விடாது. கேட்டால் கொடுக்காதீர்கள்.