ஒரு வைஸ், ஒரு அரம், ஒரு கொக்கி: வீட்டிலேயே இரும்பு வேலை பழகலாம்

இரும்பு வேலை என்றதும் கிரைண்டரும் வெல்டிங்கும்தான் பலருக்கு ஞாபகம் வரும். இரண்டையும் ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். கேரள எல்லையோரம், பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுச் சாய்ப்பில் நான் தொடங்கியது கை அரத்தோடுதான். அரம் என்றால் மலையாளத்திலும் அரம்தான், எல்லைக்கு எந்தப் பக்கக் கடையிலும் கேட்டு வாங்கலாம். "இரும்படிக்கிற இடத்தில ஈக்கு என்ன வேலை" என்று அம்மா கேட்டதையும் சொல்லிவிடுகிறேன்.

வாங்க வேண்டியவை: 4 இஞ்சு வைஸ் (இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பிடி), ஹேக்ஸா (இரும்பு அறுக்கும் ரம்பம்), 10 இஞ்சு தட்டை அரம், சுத்தியல், சென்டர் பஞ்ச், கை ட்ரில், 3 மற்றும் 6 மி.மீ. பிட், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. அரத்துக்குக் கட்டாயம் கைப்பிடி போடுங்கள். இல்லாவிட்டால் அதன் கூரான வால் உள்ளங்கையில் இறங்கிவிடும். வைஸின் மேல்விளிம்பு உங்கள் முழங்கை உயரத்தில் இருக்கட்டும்.

இரும்புக்குக் கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகள் போதும். 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனத்தில் எம்.எஸ். பிளாட், அதாவது மென் இரும்புப் பட்டை, கேளுங்கள். ஒரு கிலோ சுமார் 1.7 மீட்டர் வரும். வீடு கட்டி மிஞ்சிய டி.எம்.டி. முறுக்குக் கம்பியில் ஆரம்பிக்காதீர்கள். அதன் மேல்தோல் தண்ணீர் பாய்ச்சி இறுக்கப்பட்டது. என் முதல் அரம் மழுங்கியது அதில்தான்.

இனி, குடை மாட்ட ஒரு கொக்கி.

முதலில் 16 செ.மீ. அளந்து ஆணியால் கோடு கீறி, வைஸில் இறுக்கி அறுங்கள். ஹேக்ஸா பிளேடு இஞ்சுக்கு 24 பல் உள்ளதாக இருக்கட்டும். 3 மி.மீ. கனத்தில் எப்போதும் இரண்டு மூன்று பல்லாவது பதிந்திருக்கும், பல் உடையாது. பல்லின் முனை முன்னோக்கி இருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஐம்பது இழுப்புக்கு மேல் போனால் பிளேடு சூடாகித் தேயும்.

அடுத்தது அரம். இங்கேதான் பொறுமை வேண்டும். முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், திரும்பும்போது லேசாகத் தூக்கிவிடுங்கள். அறுத்த விளிம்பில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். நடுவில் ஒட்டிக்கொண்டு இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் கசிந்தால் அரம் ஊஞ்சலாடியிருக்கிறது. தள்ளத் தொடங்கும்போது பாரம் முனையைப் பிடித்த கையில், முடிக்கும்போது கைப்பிடிக் கையில் என்று மாற்றிக்கொண்டே போனால் அது சரியாகும். எனக்கு மூன்று வாரம் பிடித்தது. சர்ரென்ற சத்தம் கீச்சென்று மாறினால் பல்லிடுக்கில் தூள் அடைத்திருக்கிறது. கம்பி பிரஷால் தட்டிவிட்டு, அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் சீக்கிரம் அடைக்காது.

வளைப்பதற்கு முன்பே இரண்டு துளை போடுங்கள். மேல்நுனியிலிருந்து 1.5 செ.மீ., 5 செ.மீ. தள்ளி சென்டர் பஞ்சால் குழி தட்டி, முதலில் 3, பிறகு 6 மி.மீ. பிட். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள். பட்டையைக் கையில் பிடித்துத் துளையிடவே கூடாது. பிட் மாட்டிக்கொண்டால் பட்டை கத்தியாகச் சுழலும். கையுறையும் வேண்டாம், அதையும் சுற்றி இழுத்துவிடும்.

வளைக்க நெருப்பு தேவையில்லை. முக்கால் இஞ்சுப் பைப் துண்டோடு பட்டையைச் சேர்த்து வைஸில் இறுக்கி, பைப்பைச் சுற்றி அரைவட்டமாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். மேலே 8 செ.மீ. நேராக நிற்கட்டும். பிசிறை அரத்தால் எடுத்து, உப்புத்தாளால் பளிச்சென்று தேயுங்கள்.

கடைசியாக எண்ணெய்க் கறுப்பு. ஜன்னலைத் திறந்துவைத்து, கொக்கியைக் குறட்டில் பிடித்து அடுப்பில் காட்டுங்கள். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, 300 டிகிரியை நெருங்கும்போது மயில் கழுத்து நீலம். நீலம் வந்ததும் இறக்கி, சற்று ஆறியபின் நல்லெண்ணெய் நனைத்த பருத்தித் துணியால் மெல்லப் பூசுங்கள். தோசைக்கல் பழக்குவது மாதிரிதான். தேங்காய் எண்ணெய் படலமாக உறையாது, பிசுபிசுப்பாகவே நிற்கும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) துண்டை மட்டும் சூடாக்காதீர்கள். அந்தப் பூச்சு புகைந்தால் காய்ச்சல் வரும்.

இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் எங்கள் பக்கம் ஒரே ராத்திரியில் அரத்தில் செம்புள்ளி விழும். மெஷின் ஆயில் தோய்த்த துணியில் சுற்றிவையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது அந்த எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் ராவ வேண்டும், இல்லாவிட்டால் இரும்பைக் கடிக்காமல் வழுக்கும்.