வெளியில் பிரேக் பேட் வாங்கும்போது வாரண்டி போகாமலிருக்க

வாரண்டியில் இருக்கும் காருக்கு வெளியில் பிரேக் பேட் மாற்றினால், பேடின் பார்ட் நம்பர், மாற்றிய தேதி, கிலோமீட்டர் மூன்றும் உள்ள ஜிஎஸ்டி பில்லை வாங்கி வையுங்கள். பேட் தேயும் பொருள் என்பதால், தேய்மானத்துக்கு பொதுவாக வாரண்டியே கிடையாது. சிக்கல் வருவது டிஸ்க்கோ (சக்கரத்தோடு சுற்றும் தட்டு) காலிப்பரோ (பேடை அந்தத் தட்டில் அழுத்தும் பாகம்) பழுதாகும்போதுதான். வெளி பேடால் வந்த பழுது என்று சொல்லி கிளைமை மறுக்க கார் கம்பெனிக்கு இடமுண்டு. அப்போது உங்கள் பக்கம் பேசுவது அந்த பில்தான்.

வாங்குமுன் பழைய பேடின் ஓரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் எஃப்எஃப், ஜிஜி மாதிரி இரண்டு எழுத்து அச்சாகியிருக்கும். முதலெழுத்து குளிர்ந்த நிலையில் உராய்வு, அடுத்தது சூடேறியபின். எஃப் என்றால் உராய்வு எண் 0.35 முதல் 0.45 வரை. புதியதிலும் அதே எழுத்துகள் இருக்கட்டும். ரானே, பாஷ் போன்று கார் கம்பெனிகளுக்கே பிரேக் பாகங்கள் தருபவர்களின் பேட் கிடைத்தால் நல்லது. பெட்டியில் பெயரே இல்லாத மலிவுச் சரக்கைத் தயவுசெய்து தொடாதீர்கள், இது பிரேக்.

நீட்டித்த வாரண்டி, சர்வீஸ் பேக்கேஜ் எடுத்தவர்களுக்கு இது பொருந்தாமல் போகலாம். சிலவற்றில் கம்பெனி பாகமே போட வேண்டும் என்று எழுதியிருக்கும், புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள்.