குழாய்த் தண்ணீரில் ஈயம்: மாதிரி எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

பினாங்கு ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் ஈயப்பற்று வைத்த குழாய் இணைப்புகள் இன்னும் இருக்கலாம். தண்ணீரைச் சோதிக்க நினைத்தால், ராத்திரி முழுக்க, குறைந்தது 6 மணி நேரம், குழாயைத் தொடாமல் விடுங்கள். காலையில் வரும் முதல் ஒரு லிட்டரைத்தான் பிடிக்க வேண்டும். 'கொஞ்சம் ஓடட்டும்' என்று திறந்துவிட்டால் குழாயில் ஊறிய ஈயம் சாக்கடைக்குப் போய்விடும். அறிக்கை சுத்தமாக வரும், ஆனால் பொய்.

ஆய்வுக்கூடம் தரும் பிளாஸ்டிக் போத்தலையே பயன்படுத்துங்கள். மினரல் வாட்டர் போத்தல் வேண்டாம். ஆய்வுக்கூடப் போத்தலின் அடியில் சில துளி நைட்ரிக் அமிலம் இருந்தால் அலசிக் கொட்டிவிடாதீர்கள்; கையிலும் படக்கூடாது. அமிலத்தன்மை பிஎச் 2-க்குக் கீழே இருந்தால்தான் ஈயம் போத்தல் சுவரில் ஒட்டாமல் கரைசலில் நிற்கும். கிருமிச் சோதனையும் வேண்டுமா? அதற்குத் தனிப் போத்தல், ஐஸ் பெட்டி, 24 மணி நேரத்துக்குள் ஒப்படைப்பு. வார இறுதியில் ஆய்வுக்கூடம் மூடியிருந்தால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுப்பது வீண் வேலை.

பணம் கட்டும் முன் அளவிடும் எல்லையை, அதாவது கருவி அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவை, கேளுங்கள். மலேசியாவில் குடிநீரில் ஈயத்தின் உச்சவரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். 0.05-க்குக் கீழே அளக்க முடியாத கருவி 'கண்டறியப்படவில்லை' என்று சொன்னால் அந்த முடிவுக்கு அர்த்தமில்லை. மிக நுண்ணிய அளவு உலோகத்தையும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவி தாராளமாகப் போதும். 'சாம்' (மலேசிய ஆய்வுக்கூட அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனி. சுவரில் சான்றிதழ் தொங்கினாலும், அங்கீகாரம் பெற்ற சோதனைகளின் பட்டியலில் 'தண்ணீரில் ஈயம்' இருக்கிறதா என்று பாருங்கள்.