தறிக்கூடத்துக்கு இரண்டாவது ரூட்டர்: ஐபி மோதலைத் தீர்த்த விதம்

சோமனூரில் வீட்டு வைஃபை, தகரக் கூரை போட்ட தறிக்கூடத்துக்குள் எட்டவில்லை. 40 மீட்டர் கேட்6 நெட்வொர்க் கேபிள் இழுத்துப் பழைய ரூட்டரை மாட்டியதும், வீட்டிலும் நெட் விட்டு விட்டுத்தான் வந்தது. இரண்டு ரூட்டருக்குமே 192.168.1.1 என்ற ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்). போதாததற்கு இரண்டும் டிஹெச்சிபி (கருவிகளுக்குத் தானாக முகவரி பங்கிடும் வசதி) வழியாக ஐபி கொடுத்துக்கொண்டிருந்தன.

பழையதைக் கழற்றி லேப்டாப்பில் தனியாக மாட்டி, முதலில் அதன் லேன் ஐபியை (உள் நெட்வொர்க்கில் ரூட்டரின் முகவரி) 192.168.1.2 ஆக்கினேன். ரீஸ்டார்ட் ஆனதும் அந்தப் புது முகவரியில் நுழைந்து டிஹெச்சிபியை அணைத்தேன். வரிசை மாறினால் லேப்டாப்புக்கு ஐபி கிடைக்காமல் போகலாம், கையால் 192.168.1.50 என்று போட்டுத்தான் உள்ளே போக முடியும். வீட்டு ரூட்டரின் டிஹெச்சிபி பங்கிடும் முகவரிகளை 192.168.1.10-இல் தொடங்க வைத்தேன், இல்லாவிட்டால் அந்த 192.168.1.2 ஏதாவது போனுக்குப் போய்விடலாம்.

கேபிள் முனையைப் பழைய ரூட்டரின் லேன் துளையில்தான் செருக வேண்டும். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்: வேன் (WAN, வெளி இணையத்துக்கான) துளையில் செருகினால் இரட்டை நேட் (இரண்டு ரூட்டரும் தனித்தனியே முகவரி மாற்றுவது) ஆகி, தறிக்கூடத்து பிரிண்டர் வீட்டு லேப்டாப்புக்குத் தெரியாது.

வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றே. 2.4 கிகாஹெர்ட்ஸில் வீட்டுக்குச் சேனல் 1, தறிக்கூடத்துக்கு 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். கேபிளைத் தறி மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டாமல், தனி பிவிசி குழாயில் விட்டிருக்கிறேன்.